ஒரு பொற்காசு வாடகை

வீடில்லாதவருக்கு வீடு வழங்குதல் அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதனை விலையின்றி வழங்குதல் இயலுமா, இயன்றாலும் நிலைக்குமா என்பதிலேதான் ஐயம். இலவசமாய்க் கிடைத்த வீட்டைப் பெற்றவன் பேணான் என்பர் ஒரு சாரார். அவனுக்கு உழைப்பில் ஊக்கங் குன்றும் என்பர். கொடுப்பவன் கை ஒருநாள் ஓயும், அன்றே கூரையும் ஒழுகத் தொடங்கும் என்பர். உடையவர் மனம் வைத்தால் ஆகாததில்லை என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் கொள்கையை நாட்டுதற்கு நியாயங்களை அடுக்குகின்றனர். செய்து பார்த்தவர் ஒருவரின் வரலாற்றை எடுத்துக் காட்டுவோர் அரியர். கேள்வியினும் காட்சி வலியது. ஆதலால், இற்றைக்கு ஐந்நூறு ஆண்டுகளின் முன் இதனைச் செய்து பார்த்த ஒருவரின் வரலாற்றை இங்கே சொல்ல விழைகின்றேன்.

அவர் துறவியல்லர், அரசருமல்லர், வட்டிக்குப் பொருள் கொடுத்த வணிகர். ஜேர்மனி நாட்டின் தென்பாலுள்ள அவுக்ஸ்பேர்க் நகரத்தவர். யாக்கோபு ஃபுக்கர் என்பது அவர் பெயர். செல்வர் யாக்கோபு என்றே உலகம் இன்றும் அவரை வழங்கும். அவர் பேரரசருக்கும் பாப்பரசருக்கும் கடனாகக் கொடுத்த பொன் எங்கே போயிற்று என்று தேடினாற் காண்டல் அரிது. ஏழைகளுக்கென்று கட்டிய வீடுகளோ இன்றும் நிற்கின்றன. இன்றும் அவற்றில் வறியவர்களே வாழ்கின்றனர். ஆண்டு முழுவதற்கும் அவர்கள் கொடுக்கும் வாடகை இன்றும் பழைய பொற்காசு ஒன்றின் அளவே.

நெசவாளரின் பேரர்

1367ஆம் ஆண்டில் கிராபன் என்னுஞ் சிற்றூரிலிருந்து ஹான்ஸ் ஃபுக்கர் என்னும் நெசவாளர் அவுக்ஸ்பேர்க்கில் வந்து குடியேறினார். தறியில் நெய்த துணியை விற்கத் தொடங்கிய அக்குடும்பம் இரண்டு தலைமுறைக்குள் பெரு வணிகக் குடும்பமாயிற்று. அந்த ஹான்ஸின் பேரராக யாக்கோபு 1459ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆந் திகதி பிறந்தார். உடன்பிறந்தார் பலர், இவர் இளையவருள் ஒருவர். தந்தையார் 1469இல் இறந்தபோது இவருக்கு வயது பத்து. தாயார் பார்பரா மனந்தளராது குடும்பத்தையும் வணிகத்தையும் ஒருங்கே நடத்தினார்.

இளைய மகனைத் திருச்சபைப் பணிக்கு விடுதல் அக்கால வழக்கு. யாக்கோபுக்கும் ஹெரீடன் என்னும் ஊரிலே குருமார் கூட்டத்தில் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அண்ணன்மாருக்குத் துணை வேண்டியிருந்தமையால் அவர் வணிகத்துள் புகுந்தார். வெனிஸ் நகரம் அந்நாளில் வணிகர்க்குக் கல்விச்சாலை போன்றது. ஜேர்மன் வணிகர் தங்குதற்கென்றே அங்கு ஒரு மாளிகை இருந்தது. இளமையிலே அங்குத் தங்கி, வரவும் செலவும் ஒன்றையொன்று சரிபார்க்குமாறு எழுதும் இரட்டைப்பதிவுக் கணக்கினைக் கற்றார். வாழ்நாள் முழுவதும் அக்கணக்கே அவருக்குப் படைக்கலமாயிற்று. அவர் செய்த அறத்திலும் அக்கணக்குக்கு ஒரு பங்குண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

வெள்ளியும் செம்பும் முடியும்

திரோல் மலைநாட்டை ஆண்ட கோமகன் சிகிஸ்மண்டு வரவறியாது செலவு செய்தவர். ஃபுக்கர் குடும்பம் அவருக்குக் கடன் கொடுத்து, ஈடாக அந்நாட்டுச் சுரங்க வெள்ளியைப் பெற்றது. 1490இல் அந்நாடு மக்சிமிலியன் கைக்கு மாறியது. கடனும் அவரைத் தொடர்ந்தது. 1494 தொடக்கம், துர்சோ என்னும் சுரங்கத் தொழில் வல்லுநரோடு கூட்டுச் சேர்ந்து, அங்கேரி அரசுக்கு உட்பட்டிருந்த மலைநாட்டின் செம்பையும் யாக்கோபு தம் வணிகத்துள் அடக்கினார். இன்று அப்பகுதி சுலோவாக்கியா நாட்டைச் சேர்ந்தது. அண்ணன்மாருள் ஜோர்ஜ் 1506இலும் உல்ரிக் 1510இலும் இறக்கவே தலைமை முழுவதும் யாக்கோபிடம் வந்தது.

அவர் கை நம் கடல்வரை நீண்டது. 1505ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ டி அல்மேதா தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கேயக் கப்பல்களில், மிளகு வணிகத்தின் பொருட்டு முதலிட்ட ஜேர்மன் வணிகருள் ஃபுக்கர் குடும்பத்தாரும் ஒருவர். அத்தலைவரின் மகனாகிய லொறென்சோ டி அல்மேதாவே இலங்கைக் கரையை அடைந்த முதற் போர்த்துக்கேயத் தளபதி என்று நம் மாணவர் சரித்திர பாடத்திற் படிக்கின்றனர். நம் நாட்டு வரலாற்றின் ஓர் அதிகாரத்துக்குப் பின்னாலும் அவுக்ஸ்பேர்க் கணக்கேட்டின் ஒரு வரி நிற்கின்றது.

பொன் பெருகப் பெருக அதன் நிழலும் பெருகிற்று. 1514இல் மைன்ஸ் நகரப் பேராயர் பதவியை நாடிய அல்பிரெக்ட் என்பவர் உரோமாபுரிக்குச் செலுத்தவேண்டிய தொகையை ஃபுக்கரிடம் கடனாகப் பெற்றார். அக்கடனைத் தீர்த்தற்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையில் ஒரு பாதி ஒதுக்கப்பட்டது. அவ்விற்பனையைக் கண்டித்தே 1517இல் மாட்டின் லூதர் தம் கண்டனங்களை வெளியிட்டார். பின்னர் 1520இல் எழுதிய நூலிலே ஃபுக்கர் குடும்பத்தைப் பெயர் சுட்டியே அவர் சாடினார். 1519இல் உரோமப் பேரரசர் தேர்தல் நிகழ்ந்தது. ஸ்பானிய மன்னர் சார்ள்ஸ், தேர்வாளர்களைத் தம்பக்கம் ஈர்த்தற்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 52 ஆயிரம் பொற்காசு. அதில் ஏறத்தாழ 5 இலட்சத்து 44 ஆயிரம் ஃபுக்கர் கொடுத்தது. சார்ள்ஸ் முடி சூடினார். கடன் திரும்புதற்குக் காலம் நீண்டபோது, 1523இல் ஃபுக்கர் பேரரசருக்கே ஒரு மடல் விடுத்து, தம் பொன்னின்றி அம்முடி கிட்டியிராது என்பதை அஞ்சாது நினைவூட்டினார். 1525இல் உழவர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை அடக்கிய படைக்குப் பொருள் கொடுத்தவருள்ளும் அவர் ஒருவர்.

இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அவரை வள்ளல் வரிசையில் வைத்தல் முறையன்று. அவர் ஏழைகளுக்கு வீடு கட்டிய ஆண்டுகளும், அரசர்க்கு முடி வாங்கிக் கொடுத்த ஆண்டுகளும் வேறல்ல. செய்த பாவத்துக்குக் கழுவாய் தேடினார் என்பாரும் உளர்; நகரத்தார் வெறுப்பைத் தணித்தற்குச் செய்தார் என்பாரும் உளர்; மறுமையை அஞ்சிய மெய்யடியார் என்பாரும் உளர். மூன்றும் ஒருவர் உள்ளத்தே ஒருங்கிருத்தல் கூடும். உள்ளத்தை அளத்தற்கு நம்மிடம் கோலில்லை. அவர் கட்டியதை அளந்து பார்க்கலாம்.

வீடுகள் எழுந்த வகை

அவுக்ஸ்பேர்க் அந்நாளில் ஏறத்தாழ முப்பதினாயிரம் மக்கள் வாழ்ந்த நகரம். பெருஞ்செல்வர் சிலர், நெசவும் கூலியும் நம்பி வாழ்ந்தோர் பலர். அந்நகரின் புறச்சேரியொன்றிலே ஃபுக்கர் நிலம் வாங்கினார். 1516இல் நகர அவையாரோடு உடன்படிக்கை செய்துகொண்டு வேலையைத் தொடங்கினார். தோமஸ் கிரெப்ஸ் என்பவர் கட்டடத் தலைவர். 1523ஆம் ஆண்டளவில் 52 வீடுகள் நிறைவெய்தின.

ஒவ்வொரு வீடும் இரண்டு நிலை உடையது. கீழ்நிலையில் ஒரு குடும்பம். மேல்நிலையில் ஒரு குடும்பம். இரண்டுக்கும் தெருவைப் பார்த்த தனித்தனி வாயில்கள். அயலவர் முற்றத்தை மிதியாமலே ஒருவர் தம் வீட்டுக்குட் புகலாம். சமையலறையும் வாழும் அறையும் படுக்கையறையும் தனியே உண்டு. ஏழைகளைப் பெருங்கூடம் ஒன்றிலே வரிசையாகக் கிடத்துதல் அக்கால அறச்சாலைகளின் வழக்கம். அந்த வழக்கத்தை நினைந்து பார்ப்போர்க்கு, தனிவாயிலின் அருமை புலப்படும். வாயில் மணியின் கைப்பிடிகள் வீட்டுக்கு வீடு வெவ்வேறு வடிவின. தெருவிளக்கில்லாத இரவிலே கையால் தடவித் தன் வீட்டை ஒருவன் அறிந்துகொள்ளலாம். நேர்த்தெருக்களும் மதிலும் வாயிற்கதவும் உடைய அக்குடியிருப்பு, நகரத்துள் ஒரு சிறுநகரமாயிற்று. ஃபுக்கெராய் என்பது அதற்கு வழங்கும் பெயர்.

1521ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23ஆந் திகதி ஃபுக்கர் அறச்சாசனம் எழுதினார். தம் பெயரோடு இறந்துபோன அண்ணன்மார் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதினார். வாயிலின் மேலுள்ள கல்வெட்டும் மூவரையுமே சொல்கின்றது. நேர்மையும் உழைப்பும் உடையராயிருந்தும் வறுமையால் வாடும் நகரத்தார்க்கு இவ்வீடுகள் என்பது அதன் கருத்து. கொடுத்தவர் பெயரை உரைப்பதோடு பெறுபவர் தகுதியையும் அது உரைக்கின்றது.

குடிபுகுந்தவர் யாவர்

வாசகர் இவ்விடத்தை ஊன்றி நோக்குக. ஃபுக்கர் வீடு கட்டியது தெருவில் இரந்து திரிந்தவர்க்கன்று. அவர்களை நகரம் வேறு வகையிலே நடத்தியது. 1522இல் அவுக்ஸ்பேர்க் நகரம் இரத்தலைக் கட்டுப்படுத்தி ஏழைகளுக்கு உதவி வழங்கும் ஒழுங்கொன்றை வகுத்தது. ஃபுக்கர் நாடியவர்கள், வறுமையுற்றும் பிறர் வாயிலில் கை நீட்ட நாணியிருந்தவர்கள். கூலியாளரும் கைவினைஞரும் அவர்தம் மனைவி மக்களும். நோய், முதுமை, தொழிற்குறைவு என்னும் இவற்றால் வாடகை கொடுக்க இயலாது தெருவுக்கு வரும் நிலையில் இருந்தவர்களை, வருமுன் காத்தலே அவர் கருத்து.

குடிபுகுவார்க்கு விதித்த நிபந்தனை நான்கு. அவுக்ஸ்பேர்க் நகரத்தவராதல் வேண்டும், கத்தோலிக்கராதல் வேண்டும், வறியராதல் வேண்டும், நன்னடத்தை உடையராதல் வேண்டும். செலுத்தவேண்டிய கடன் இரண்டு. ஆண்டுக்கு ஒரு ரைன் பொற்காசு வாடகை ஒன்று. அது கைவினைஞர் ஒருவரின் ஒரு கிழமைக் கூலி அளவினது என்பர். நிறுவியவர் குடும்பத்தின் ஆன்ம நலத்துக்காக நாடோறும் மூன்று செபங்கள் மற்றொன்று: கர்த்தர் கற்பித்த செபமும், அருள்நிறை மந்திரமும், விசுவாச மந்திரமும்.

இலவச வீடு சோம்பலை வளர்க்கும் என்பார்க்கு இக்குடிகளின் வரலாறு ஒரு விடை. அவ்வீடுகளிலே தொழில் செய்து பிழைத்தவர்கள் வாழ்ந்தார்கள். 1681 தொடக்கம் 1694இல் இறக்கும்வரை அங்கே குடியிருந்தவர் ஒருவர் பிரான்ஸ் மோசார்ட் என்னும் கட்டடத் தொழிலாளர். உலகம் போற்றும் இசைப்புலவர் வொல்ஃப்காங் அமதேயுஸ் மோசார்ட்டின் பூட்டனார் அவர். அவர் மகன் புத்தகங் கட்டும் தொழில் செய்தார். பேரர் இசை பயின்று அரண்மனை இசைவாணரானார். நான்காந் தலைமுறையிலே உலகப்புகழ் வந்தது. ஒரு குடும்பம் விழுந்த இடத்திலே ஒரு கூரை இருந்தது. அக்கூரையால் மட்டுமே இசை பிறந்தது என்று நான் சொல்லேன். கூரை அவர்களைச் சோம்பராக்கவில்லை என்பதை மட்டும் துணிந்து சொல்வேன்.

ஒரு பொற்காசு எதற்கு

நூறாயிரக் கணக்கிற் பொன்னை அரசர்க்கு அள்ளிக் கொடுத்தவர்க்கு ஏழை தரும் ஒரு காசு எதற்கு என்று வினவலாம். அதனையும் விட்டுவிட்டால் முற்றும் இலவசம் ஆகியிருக்குமே எனலாம். நான் அறிந்த அளவில் இதற்குக் காரணம் கூறுவேன். காசு கொடுத்துக் குடியிருப்பவன் குடியாளன். கொடாது குடியிருப்பவன் பிறர் தயவில் ஒதுங்கியவன். அவ்வொரு காசு செலவை ஈடுசெய்தற்கு அமைந்ததன்று. அவன் தலைநிமிர்ந்து தன் கதவைத் திறத்தற்கு அமைந்தது. கணக்கேட்டிலே அவன் பெயருக்கு எதிரே ஒரு வரவு எழுதப்படும். எழுதப்பட்டவனை எளிதில் வெளியேற்றல் இயலாது.

இன்னும் ஒன்று. வாடகையை அவர் கூட்டவில்லை. பின் வந்தவரும் கூட்டவில்லை. பொற்காசு வழக்கொழிந்தது. மார்க் நாணயம் வந்தபோது அது 1 மார்க் 72 ஃபெனிக் என மாற்றி எழுதப்பட்டது. யூரோ நாணயம் வந்தபின் 88 சதமாயிற்று. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் அத்தொகை ஏறவில்லை. ஆதலால் ஒரு கிழமைக் கூலியாக இருந்த வாடகை, இன்று ஒரு கோப்பைத் தேநீருக்கும் போதாத காசாய்ச் சுருங்கிற்று. மின்சாரம், சூடேற்றல் முதலியவற்றின் செலவை மட்டும் குடிகள் வேறாகச் செலுத்துகின்றனர். பெயரளவில் வாடகை, பொருளளவில் இலவசம். ஆகவே, நாம் எழுப்பிய வினாவுக்கு இக்குடியிருப்பு உண்மையான சோதனைக்களமே.

காடு காத்த வீடு

வாடகை போதாதெனின், ஐந்நூறு ஆண்டுகளாகக் கூரையைச் செப்பனிட்டவர் யார்? வரலாற்றின் உயிர்நிலை இதுதான்.

ஃபுக்கர் வீட்டை மட்டுங் கட்டி விட்டுச் செல்லவில்லை. அறத்துக்கென 10,000 பொற்காசினை முதலாக ஒதுக்கினார். அவ்வூரின் காவற் புனிதராகிய உல்ரிக்கின் பெயரால் தம் வணிகக் கணக்கேட்டிலே ஒரு கணக்குத் திறந்து, ஏழைகளின் பங்கை அதிலே வரவு வைத்தார். முற்கூறிய வெனிஸ் நகரக் கல்வி இங்கே பயன்பட்டது. மனம் இளகியபோது கொடுப்பது வேறு. கணக்கிலே கடனாக எழுதி வைப்பது வேறு. முன்னையது கொடுப்பவன் மனநிலையைப் பொறுத்தது. பின்னையது அவன் இறந்த பின்னும் கேட்கும்.

1525ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 30ஆந் திகதி யாக்கோபு ஃபுக்கர் இறந்தார். அவர்க்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகன் அன்ரன் வணிகத்தை ஏற்றார். அரசர்க்குக் கடன் கொடுக்கும் தொழில் குடும்பத்தை உயர்த்தியது. அதுவே பின்னர்த் தாழ்த்தியது. ஸ்பானிய அரசு மீண்டும் மீண்டும் கடனிறுக்க மறுத்தமையால், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பெருவணிகம் முடிவெய்தியது. அறத்தின் முதலெல்லாம் வணிகத்தின் வட்டியையே என்றும் நம்பியிருக்குமாயின் வணிகத்தோடு அறமும் மடிந்திருக்கும். அந்நூற்றாண்டு தொடக்கம் அறக்கட்டளையின் பொருள் நிலமாகவும் காடாகவும் மாற்றப்பட்டது. நாணயம் வீழ்ந்தாலும் மரம் வளரும். 1923இல் ஜேர்மனியில் காகிதப் பணம் பெறுமதியற்றுப் போய்ப் பணமாக வைத்திருந்த அறநிலையங்கள் பல அழிந்தபோதும் ஃபுக்கர் அறநிலையம் தப்பி நின்றது. இன்றும் காட்டு வருவாயே அதற்கு முதன்மையான ஊற்று. குடியிருப்பைக் காண வருவோர் செலுத்தும் நுழைவுக் கட்டணமும் துணைசெய்கின்றது. குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கூடிய அவையொன்று மேற்பார்வை செய்கின்றது.

போர்களும் அதனைத் தீண்டாமல் விடவில்லை. 1632இல் சுவீடன் நாட்டுப் படை நகரத்துட் புகுந்தபோது குடிகள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் சிதைந்தன, போர் ஓய்ந்தபின் அவை செப்பனிடப்பட்டன. இரண்டாம் உலகப் போரிலே 1944ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25ஆந் திகதி இரவும் மறுநாள் விடியலும் விழுந்த குண்டுகளால் குடியிருப்பின் பெரும்பகுதி இடிந்து எரிந்தது. உள்ளே அமைத்திருந்த நிலவறை குடிகளின் உயிர் காத்தது. சாம்பல் ஆறிய சில நாட்களிலேயே, மீளக் கட்டுவது என்று குடும்ப அவை தீர்மானித்தது. அறக்கட்டளையின் சொந்தப் பொருளைக் கொண்டே பழைய வடிவில் அது மீண்டும் எழுந்தது. பின்னர் அயல் நிலத்திலும் விரிந்தது. இன்று 67 வீடுகள். அவற்றுள் ஏறத்தாழ 140 குடிமனைகள். ஏறத்தாழ 150 பேர் வாழ்கின்றனர். இரவு பத்து மணிக்கு வாயில் அடைபடும். பிந்தி வருபவர் காவலாளிக்கு 50 சதம் கொடுத்து உட்புகுதல் வேண்டும். நள்ளிரவு கடந்தால் ஒரு யூரோ. அக்காசு அவர்தம் ஆண்டு வாடகையினும் மிகுதி என்று கூறி அவர்களே நகைப்பார்களோ என எண்ணிக்கொள்வேன்.

புகழ்ச்சிக்கு ஓர் எல்லை

இவ்வளவு கூறியபின் குறைகளைக் கூறாது விடின் என் கடமையிற் பிழைத்தவனாவேன்.

முதலாவது, அளவு. முப்பதினாயிரம் பேர் வாழ்ந்த நகரத்திலே சில நூறு பேருக்குக் கூரை. ஐந்நூறு ஆண்டுகள் சென்றபின்னும் வீடுகளின் தொகை இரு மடங்காகவில்லை. வாடகை வாராத வீடு மற்றொரு வீட்டைப் பெறாது. இதனோடு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒன்றை ஒப்பு நோக்கலாம். ஜோர்ஜ் பீபொடி என்னும் அமெரிக்க வணிகர் 1862இல் இலண்டன் ஏழைகளின் நலங்கருதி ஒன்றரை இலட்சம் பவுண் கொடுத்தார். பின்னரும் கொடுத்து ஐந்து இலட்சமாக்கினார். அவர் நிதியத்தினர் தொழிலாளர் தாங்கக்கூடிய மட்டான வாடகை பெற்று, அவ்வருவாயை மேலும் வீடு கட்டுதலிற் செலவிட்டனர். இன்று அந்நிதியம் பல்லாயிரம் வீடுகளை நடத்துகின்றது. ஆனால், அவ்வாடகையும் கொடுக்க இயலாத அடிநிலை ஏழை அங்கே நுழைதல் அரிதாயிற்று. ஃபுக்கர் வீடு ஆழம் உடையது, அகலம் இல்லை. பீபொடி வீடு அகலம் உடையது, ஆழம் குறைந்தது. இரண்டையும் ஒருங்கே வேண்டுபவர் தனியொருவர் கொடையை நம்பியிருத்தல் ஆகாது. ஊர் முழுவதன் வரிப்பணமும் அதிற் சேர்தல் வேண்டும்.

இரண்டாவது, நிபந்தனை. லூதரின் கொள்கை பரவியபின் அவுக்ஸ்பேர்க் மக்களிற் பெரும்பாலோர் புரட்டஸ்தாந்து சமயத்தவராயினர். அவர்களுள் வறியவருக்கு அவ்வாயில் திறக்கவில்லை. மழை சமயம் பார்த்து நனைப்பதில்லை. கொடுப்பவன் தன் சமயத்தாரைத் தேர்தல் அவனுடைய உரிமை எனலாம். பொதுப்பணத்தால் நடைபெறும் அறத்துக்கு அவ்வுரிமை இல்லை.

மூன்றாவது, விடுபட்டவர். தெருவிலே கிடந்து, நன்னடத்தைக்குச் சான்று கூறுவாரும் இன்றி, ஊரும் பேரும் அற்றுத் திரிந்தவனே வீடின்மையின் கடைநிலையில் உள்ளவன். அவனுக்கு இக்குடியிருப்பிலே இடம் இருந்ததில்லை. விழப்போகின்றவனைத் தாங்குதல் எளிது; விழுந்தவனைத் தூக்குதல் அரிது. எளியதைச் செய்தமைக்காக ஃபுக்கரை நான் குறை கூறேன். எளியதைச் செய்துவிட்டு முழுவதும் செய்ததாக எண்ணுதல்தான் குற்றம்.

நாம் கொள்ளத்தக்கது

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை முன்னும் ஈகையைப் பின்னுமாக அடுத்தடுத்து வைத்தார். வகுப்பிலே இவ்விரு அதிகாரங்களையும் பல ஆண்டுகள் பாடஞ்சொல்லி வந்திருக்கின்றேன். இவற்றின் வேறுபாடு என்ன என்று மாணவர் கேட்பதுண்டு. தன்னிடம் வந்து இரந்தவனுக்குக் கொடுத்தல் ஈகை. இரவாத நிலையிலும் ஊரோடு பொருந்தி வாழ்தற்கு உரியதைச் செய்தல் ஒப்புரவு என்று விடை கூறுவேன். ஃபுக்கர் வரலாற்றைப் படித்தபின் அவ்விடைக்கு ஓர் எடுத்துக்காட்டும் கிடைத்தது. இரக்க நாணியவனைத் தேடி, அவன் கதவுக்கு ஒரு தனிப்பிடி அமைத்துக் கொடுத்தது ஒப்புரவின்பாற்படும்.

ஆயினும், எடுத்துக்காட்டின் பயன் வேறோரிடத்திலேதான் எனக்கு மிகுதியாகப் புலப்படுகின்றது. என் ஊரிலே, திருவிழாக் காலத்தில் அடியார் தங்குதற்கென ஒரு பெரியவர் கட்டிய மடம் இருந்தது. கல்லாற் சமைத்த தூண்களும் அகன்ற திண்ணையும் உடையது. கட்டியவர் பெயரைக் கல்லிலே பொறித்திருந்தனர். நான் சிறுவனாக இருந்தபோதே கூரையோடுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்துகொண்டிருந்தன. அவற்றை மாற்றுதற்கு ஒரு தென்னந்துண்டுதானும் எழுதி வைக்கப்படவில்லை. கூப்பிடு தூரத்திலே வேறொரு மடம். மண்சுவரும் கிடுகுக்கூரையும் உடையது. அதனைக் காணுதற்கு எவரும் நின்றதில்லை. ஆனால், அதற்கு நான்கு பரப்பு வயல் தருமசாதனத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் கூரை புதிதாக வேயப்படும். கல்மடம் பாழ்பட்ட பின்னும் மண்மடம் நெடுங்காலம் வழிப்போக்கர்க்கு நிழல் கொடுத்தது.

ஃபுக்கெராய் குடியிருப்பின் வெற்றியும் இதுவே. வீடு கட்டுதல் ஒரு நாட்செயல். வீட்டைக் காத்தல் நாடோறுஞ் செயல். கட்டுதற்கு ஆகும் செலவையே பலரும் கணக்கிடுகின்றனர். திறப்புவிழாவோடு அக்கணக்கை மூடியும் விடுகின்றனர். பத்தாம் ஆண்டில் ஓடு மாற்றுபவர் யார், ஐம்பதாம் ஆண்டில் சுவர் எழுப்புபவர் யார், கொடுத்தவர் குடும்பம் நொடித்தபின் வருவாய் எங்கிருந்து வரும் என்னும் இக்கேள்விகளுக்கு விடை எழுதப்பட்ட இடத்திலே இலவச வீடு நடைமுறைக்கு ஒத்ததாகின்றது. விடை எழுதப்படாத இடத்திலே வாடகை வாங்கினாலும் வீடு நிலையாது.

ஆதலால், வீடில்லாதவருக்கு வீடு கொடுத்தல் இயலுமா என்று வினாவுவார்க்கு நான் கூறும் விடை இது: இயலும், ஐந்நூறு ஆண்டு இயன்றிருக்கின்றது. அதற்கு வேண்டுவன, கொடுப்பவன் மனநிலையைச் சாராத தனிமுதலும், நாணயத்தோடு வீழாத நிலமும், குடியாளனை இரவலனாக்காத ஒழுங்கும், பரம்பரையாய்ப் பொறுப்பேற்கும் ஓர் அவையும் ஆம். எல்லார்க்கும் கொடுத்தல் தனியொருவர்க்கு ஆகாது. அது அரசினதும் ஊரினதும் கடன். அக்கடனைச் செய்யப் புகுவோர், கட்டடத்தின் வரைபடத்தை விரிக்குமுன் அவுக்ஸ்பேர்க் நகரத்துக் கணக்கேட்டை ஒருமுறை விரித்துப் பார்ப்பாராக. பேரரசர்க்குக் கொடுத்த 5 இலட்சத்து 44 ஆயிரம் பொற்காசு வழங்கப்பட்ட காலத்தோடு கழிந்தது. ஏழைக்கென எழுதிய 10,000 பொற்காசு இன்றும் கூரை வேய்கின்றது.